வரி எத்தனை, ஆள் எத்தனை?

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ஜோகூரில் மாசாய் பக்கம் எங்கள் தாமான் கோயில் மண்டபம். பள்ளி திறக்க இரண்டு வாரம் இருந்தது. மேசை மேல் புத்தகப் பைகள் மலையாகக் குவிந்திருந்தன. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பேராகக் கூப்பிட, பிள்ளைகள் வந்து கையெழுத்துப் போட்டுப் பையை வாங்கிப் போனார்கள். பட்டியல் என் கையில். நானே தயாரித்த பட்டியல். வந்து சேர்ந்த 263 வரிகளை ஒரே சொடுக்கில் 231 ஆக்கியிருந்தேன். இரண்டு தடவை வந்த பேரையெல்லாம் நீக்கிவிட்டேன் என்ற பெருமிதத்தோடுதான் அன்று வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

பதினொரு மணிக்கு ஒரு பெண்பிள்ளை என் முன்னால் வந்து நின்றாள். "அங்கள், என் பேரு கூப்பிடவே இல்ல."

பேரைக் கேட்டேன். பட்டியலில் இருந்தது. அதற்கு நேரே கையெழுத்தும் இருந்தது. வேறொரு பிள்ளை வாங்கிப் போயிருக்கிறாள். அவள் யாரையும் ஏமாற்றவில்லை. அது அவள் பேரும்தான். பிளெந்தோங்கில் ஒருத்தி, உலு திராமில் ஒருத்தி. இருவருக்கும் ஒரே பேர், அப்பாவுக்கும் ஒரே பேர். 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' பெட்டியில் பேர் என்ற ஒரே பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு நான் பொத்தானை அழுத்தியிருந்தேன். கணினி சொன்னதைச் செய்தது. இரண்டு பிள்ளைகளை ஒரு பிள்ளையாக்கியது.

அவள் அப்பா பின்னால் நின்றார். இரவு ஷிப்ட் முடித்து நேரே மோட்டார் சைக்கிளில் வந்தவர், மழைச்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நான் தடுமாறி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே என் தோளைத் தட்டிச் சொன்னார்: "பரவால்ல தம்பி. எங்க பேரு எப்பவும் இப்படித்தான் விட்டுப் போகும்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சமாதானம்தான் என்னைச் சுட்டது. எப்பவும் இப்படித்தான். மூன்று தலைமுறையாக நம் வீடுகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். அந்த வாக்கியத்தைக் கொளுத்தத்தான் இதை எழுதுகிறேன். தம்பி, தங்கை, கையில் தீப்பெட்டியோடு வா.

நம் பேரிலிருந்து தொடங்குவோம். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. நம் பேர், நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி, அதன் பிறகு அப்பா பேர். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான். மகன், மகள். ரோமன் எழுத்தில் அந்தப் பேர் எப்படி விழுந்தது என்பது பிறப்புப் பத்திரம் எழுதியவரின் காதைப் பொறுத்தது. மூர்த்தி என்ற ஒரே பேரை ஒருவர் இரண்டு ஓ போட்டு எழுதினார், இன்னொருவர் யூ போட்டார். முடிவில் ஒருவருக்கு வொய், மற்றவருக்கு ஐ. நடுவில் எச் இருந்தாலும் இருக்கும். ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு அப்பா பேரின் எழுத்து இரண்டு விதமாக இருப்பதை நான் எத்தனையோ பாரங்களில் பார்த்துவிட்டேன். சில கணினி அமைப்புகள் அந்தச் சாய்கோட்டையே ஏற்காமல் துப்பிவிடும்.

இதனால் பட்டியலில் இரண்டு விதப் பிழை விளைகிறது. முதலாவது, ஒரே ஆள் மூன்று வரியாக நிற்பது. அம்மா ஒரு தடவை பாரம் நிரப்பினாள், அக்கா ஒரு தடவை போனில் அனுப்பினாள், ஆசிரியர் ஒரு தடவை எழுதிக் கொடுத்தார். மூன்றிலும் எழுத்து வேறு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை எக்செல் இங்கே பொருட்படுத்தாது. ஆனால் பேருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், வேறு ஆள் என்று சத்தியம் செய்யும். 'டிரிம்' சூத்திரம் போட்டால் அந்த இடைவெளி உதிர்ந்துவிடும். இந்தப் பிழைக்கு மருந்து உண்டு. நஷ்டம் என்றால் இரண்டு பை கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

இரண்டாவது பிழை, இரண்டு ஆள் ஒரு வரியாகச் சுருங்குவது. நான் செய்தது அதைத்தான். அங்கே காணாமல் போவது ஒரு பிள்ளை. காணாமல் போனதைப் பட்டியல் சொல்லாது. 231 என்று சுத்தமாகச் சிரித்துக்கொண்டே நிற்கும். ஒருத்தர் நேரில் வந்து என் பேரு எங்கே என்று கேட்டால் மட்டுமே தெரியும். கேட்காமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? நம் சனத்தில் கேட்காமல் போகிறவர்கள்தானே அதிகம்!

ஆகவே எந்தப் பட்டியல் உன் கைக்கு வந்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: வரி எத்தனை, ஆள் எத்தனை? இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை என்றால் ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் கணினிக்கு எஜமான். கேட்காமல் பொத்தானை அழுத்துகிறவன் அதன் கூலி.

எனக்கு இதெல்லாம் வராது, எஸ்பிஎம் தேர்வில் கணக்கு விழுந்துவிட்டது என்கிறாயா? உன் வீட்டு அலமாரியில் மொய் நோட்டு இருக்கும், போய் எடுத்துப் பார். உன் அம்மாவோ பாட்டியோ எழுதியது. பேர், ஊர், தொகை என்று மூன்று பத்தி. மாரிமுத்து என்று ஐந்து பேர் இருந்தால் அவள் ஐந்தையும் கலக்கவிடவில்லை. குளுவாங் மாரிமுத்து, லாரி மாரிமுத்து, கோழிக்கடை மாரிமுத்து, மூத்த சம்பந்தி வீட்டு மாரிமுத்து, கண்ணாடி மாரிமுத்து. பேர் மட்டும் போதாது, இன்னொரு பத்தியும் சேர்ந்தால்தான் ஆள் பிடிபடுவான் என்பது அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்தா தெரிந்தது? அதே லாரி மாரிமுத்து அக்கா காதுகுத்துக்கு ஐம்பது வெள்ளியும் அண்ணன் கல்யாணத்துக்கு நூறு வெள்ளியும் வைத்திருந்தால், இரண்டும் இரண்டு வரி. ஒரே ஆள்தானே என்று அவள் ஒன்றை அடிக்கவில்லை. அந்த நோட்டில் ஒரு வரி என்பது ஓர் ஆள் இல்லை, ஒரு மொய். திருப்பிச் செய்ய வேண்டியது இரண்டு மொய்.

ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று முதலில் தீர்மானிப்பது, அதைத் தனியாகக் காட்டும் பத்தி எது என்று தேடுவது, ஒரு பத்தி போதாவிட்டால் இரண்டைச் சேர்ப்பது: தரவு வேலையின் அடித்தளம் முழுவதும் இதுதான். பல்கலைக்கழகத்தில் இதற்குப் பெரிய பேர்கள் வைத்திருக்கிறார்கள். உன் பாட்டி பேர் வைக்காமல் செய்தாள். அவள் ரத்தம் உன் உடம்பில் ஓடும்போது, வராது என்ற சொல் உன் வாயில் வரலாமா?

ஆனால் வேறொரு பட்டியலும் இருந்தது. அதை நாம் எழுதவில்லை. அதில் நாம் எழுதப்பட்டோம்.

என் தாத்தா ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். விடிவதற்கு முன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிராணி என்ற தோட்டத்து எழுத்தர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைத் திறப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். நம்பரைச் சொன்னதும் கை தூக்க வேண்டும். கட்டத்தில் ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் அன்று சம்பளம், விழாவிட்டால் இல்லை. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் நம்பரை மட்டும் சாகும்வரை மறக்கவில்லை. ஒரு மாதம் அவருக்கு நான்கு நாள் கோடு விழாமல் போனது. நேரே நின்று வேலை செய்த மனிதர், புத்தகத்தில் இல்லை. கேட்கப் போனார். புத்தகத்தில் இல்லையே என்றார்கள். திரும்பி வந்துவிட்டார். புத்தகத்தைத் திருப்பிப் பார்க்க அவருக்குக் கண் இருந்தது, எழுத்து இல்லை.

இதைவிடக் கொடிய பக்கம் ஒன்று நம் வரலாற்றில் உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர்கள் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை லாரி லாரியாக, ரயில் ரயிலாகக் கொண்டு போனார்கள். அதே பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு சிப்பாய்க்கும் ராணுவ எண் இருந்தது. முகாமில் அதிகாரிகள் உயிரைப் பணயம் வைத்து ரகசியமாகப் பேர்ப் பட்டியல் எழுதி மறைத்து வைத்தார்கள். யார், எந்த நாள், எந்த இடத்தில் புதைக்கப்பட்டார் என்ற குறிப்பு இருந்தது. போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு காடு முழுக்கத் தேடி 10,000க்கும் அதிகமான கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். இன்று காஞ்சனாபுரிக்குப் போனால் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கற்கள் வரிசை வரிசையாக நிற்கும். பெரும்பாலானவற்றில் பேர், எண், வயது எல்லாம் இருக்கும்.

அதே காட்டில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. தமிழன், மலாய்க்காரன், பர்மியன், ஜாவாக்காரன். காலராவில் செத்தவனைக் குழியில் தள்ளி மூடினார்கள். பட்டியல் இல்லை. எண் இல்லை. அதனால் கல்லும் இல்லை. எத்தனை பேர் என்பதையே இன்றுவரை ஆய்வாளர்கள் தோராயமாகத்தான் சொல்கிறார்கள். என் பாட்டியின் அண்ணன் அதில் ஒருவர். எங்கள் வீட்டில் அவருக்குத் திதி கொடுக்க நாள் கிடையாது. போன நாளை வைத்துத்தான் கொடுக்கிறோம்.

இப்போது சொல், ஒரு பட்டியலில் ஒரு வரி என்பது வெறும் ஆபீஸ் வேலையா?

அந்தக் கிராணியின் புத்தகம் இன்று உன் மேசைக்கு வந்திருக்கிறது, தங்கை. பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் நிர்வாக உதவியாளராக வேலை பார்த்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்தவள். ஒரு மாதம் சம்பளக் கோப்பு வங்கியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. 41 பேருக்குச் சம்பளம் ஏறவில்லை. எல்லாரும் இளம் பிள்ளைகள். மேலதிகாரி அந்தப் பிள்ளைகள்தான் ஐசி நம்பரைத் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்று கத்தினார். இவள் நடுங்கவில்லை. கோப்பைத் திறந்து அந்த ஒரு பத்தியை மட்டும் மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தாள்.

நம் ஐசியில், அதாவது அடையாள அட்டை எண்ணில், பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி: ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். ஜோகூருக்கு 01. 21 முதல் 24 வரையும் ஜோகூர்தான். கடைசி நான்கில் இறுதி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பார், அந்தச் சின்ன அட்டைக்குள் எத்தனை பத்தி ஒளிந்திருக்கிறது! இதில் 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்ஜியத்தில் தொடங்கும். எக்செல் அதை ஒரு தொகை என்று நினைத்து, முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்று தின்றுவிடும். 2001 முதல் 2009 வரை பிறந்தவனுக்குப் பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாகும். 2000இல் பிறந்தவனுக்கு மூன்று பூஜ்ஜியம்வரை பறிபோகும். அவர்களுக்கு மூத்தவர்களின் எண்ணையோ 9.00315இ+11 என்று விஞ்ஞானிக்கு எழுதுவதுபோல் சுருக்கிக் காட்டும்.

அவள் கண்டுபிடித்துவிட்டாள். திரும்பி வந்த 41 பேரும் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறவர்கள். 'டெக்ஸ்ட்' சூத்திரத்தில் பன்னிரண்டு பூஜ்ஜியம் போட்டு எண்களை மீட்டாள். அடுத்த மாதத்திலிருந்து எண்ணைத் தட்டும் முன்பே அந்தப் பத்தியை எழுத்து வடிவத்துக்கு மாற்றி வைத்தாள். ஐசி நம்பரைக் கூட்டவும் கழிக்கவும் போவதில்லை, அப்புறம் அது எதற்குத் தொகையாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை அந்த அலுவலகத்தில் முதன்முதலில் கேட்டவள் எஸ்பிஎம் மட்டும் படித்த ஒரு தோட்டத்துப் பேத்தி. 41 வீட்டில் அன்று மாலை அடுப்பு எரிந்தது. முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்று எவன் சொன்னது?

ஐசி எண் இருக்கிறதே, அதையே ஆளைக் காட்டும் பத்தியாக வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நானும் நினைத்தேன். பையில்லாமல் திரும்பிய அந்தப் பிள்ளைக்குப் பிறகு, பட்டியலை மறுபடி எடுத்து இம்முறை ஐசி பத்தியைத் தேர்ந்தெடுத்து இரட்டிப்பு நீக்கிப் பார்த்தேன். அதற்கு முன் அசல் தாளை நகல் எடுத்து வைத்தேன், அந்தப் பாடமாவது ஏறியிருந்தது. எண்ணிக்கை சரிந்தது. ஏன் என்று பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஏழு பிள்ளைகளுக்கு ஐசி கட்டம் காலி. கணினிக்குக் காலியும் காலியும் ஒன்றுதான். ஏழு காலியில் முதலாவதை வைத்துக்கொண்டு ஆறு பிள்ளைகளைத் தூக்கி எறிந்துவிட்டது.

அந்த ஏழு பேர் யார்? சிலருக்கு அம்மா எண்ணை எழுத மறந்திருந்தாள். மற்றவர்களுக்கு எழுத எண்ணே இல்லை. பிறப்புப் பத்திரம் பதியப்படாமல் போன பிள்ளைகள், அப்பா அம்மா திருமணம் பதியாததால் சிக்கிய பிள்ளைகள். நம் சமூகத்தில் இது புதிய கதையா? ஆவணம் இல்லாத இந்தியர்களைத் தேடிப் பதிய 2011இல் 'மைடாஃப்தார்' என்று ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. நாட்டின் பட்டியலில் இடம் கிடைக்காத பிள்ளை, கோயில் பட்டியலிலும் என் கையால் அழிந்தாள் என்றால் நான் எந்த முகத்தோடு சாமி முன்னால் நிற்பது?

அன்று இரவு ஒரு புதிய பத்தி சேர்த்தேன். எங்கள் சொந்த எண். முதல் பிள்ளைக்கு 001. யாருக்கும் இரண்டு தடவை கொடுக்காத எண், ஒருத்தர் போய்விட்டால் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்காத எண். பெயர் மாறினாலும் வீடு மாறினாலும் ஐசி பிறகு கிடைத்தாலும் அந்த எண் அந்தப் பிள்ளையோடு இருக்கும். அதன் பிறகு ஐசி எண்கள் இருந்த தாளைப் பூட்டினேன். வாட்ஸ்அப் குழுவில் ஐசி எண்ணோடு பட்டியலைப் போடுகிற பழக்கம் நம்மிடம் தொற்றுநோய்போல் பரவியிருக்கிறது. தனிநபர் தரவைப் பாதுகாக்க இந்த நாட்டில் 2010இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும், அது அடுத்த வீட்டுப் பிள்ளையின் அடையாளம். கோயில் சாவியை வாசலில் தொங்கவிடுவோமா?

எட்கர் காட் என்று ஒருவர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்று உலகத்து வங்கி, விமானம், ஆஸ்பத்திரி, கடை எல்லாம் நம்பி நிற்கும் தரவுத்தளங்களுக்கு அந்தக் கட்டுரைதான் அடிக்கல். அவர் சொன்னதன் சாரம் எளிமையானது. ஒரு வரியைத் தேட அது எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. அதைத் தனியாகக் காட்டும் மதிப்பு தெரிந்தால் போதும். பட்டியலை எப்படிக் கலைத்துப் போட்டாலும் அந்த வரி தொலையாது.

இதைப் படித்த அன்று எனக்குப் பெரட்டுக்களம்தான் ஞாபகம் வந்தது. வரிசையில் எங்கே நிற்கிறாய் என்பதை வைத்தே நம்மை அளந்தார்கள். கடைசியில் நிற்பவன் கடைசி ஆள் என்று நாமும் நம்பிவிட்டோம். தம்பி, நீ கடைசி வரியில் இருக்கலாம். இடம் உன்னைத் தீர்மானிக்காது.

இன்னும் பயமா? பட்டியல், தரவு என்பதெல்லாம் பெரிய படிப்பாளிகள் இடம் என்று ஒதுங்குகிறாயா? 2020 அக்டோபரில் பிரிட்டனில் என்ன நடந்தது தெரியுமா? கொரோனா மறுபடி ஏறிக்கொண்டிருந்த நேரம். பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் இடம் இல்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்தன. 15,841 நோயாளிகள் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது. ஒரு வல்லரசின் சுகாதாரத் துறை! அனுப்பியது எத்தனை வரி, வந்து சேர்ந்தது எத்தனை வரி என்று ஒருவர் கேட்டிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். உன் பாட்டி மொய் நோட்டை மூடும் முன் உறைகளை எண்ணி, வரிகளை எண்ணி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் படுப்பாள். அவளை அந்த அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கலாம்.

நம் மண்ணைப் பார். கூலாயில் யங் எஸ்டேட் என்று இருந்த தோட்ட நிலத்தில் இன்று டேட்டா சென்டர் எழும்பியிருக்கிறது. செடெனாக்கில் இன்னும் எத்தனை! 2025 ஜனவரியில் ஜோகூர், சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் உலகத்துப் பட்டியல்களெல்லாம் வந்து குடியேறுகின்றன. அந்தக் கட்டடத்தின் வேலி ஓரமாக மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலம் கடக்கப் போகும் நீ, அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கணம்கூட நினைக்காதே. அந்தக் காட்டை வெட்டித் திருத்தியது உன் பூட்டன். உள்ளே இருப்பது வரியும் பத்தியும். நீ படிக்கத் தெரிந்தவன். தாத்தாவிடம் இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது.

சான்றிதழ் வாங்கப் பணமில்லை என்று காத்திருக்காதே. இன்று இரவே ஆரம்பி. உன் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. கோயில் உறுப்பினர் பட்டியல், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பட்டியல், கால்பந்துக் குழுப் பட்டியல், மாமாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டு. நகல் ஒன்றை எடுத்துக்கொள், அசலைத் தொடாதே. பேர்ப் பத்தியில் வெவ்வேறு மதிப்பு எத்தனை என்று எண்ணு. புதிய எக்செல் என்றால் 'யுனிக்' சூத்திரம் ஒரு நொடியில் பட்டியலிடும். பழையது என்றால் 'பிவட் டேபிள்' போதும். ஒரு தடவைக்கு மேல் வருபவை எவை என்று 'கவுண்ட்இஃப்' சொல்லும். அதோடு நில். அழிக்காதே. பக்கத்தில் 'சந்தேகம்' என்று ஒரு பத்தி போடு, குறித்து வை. போனை எடு. "அக்கா, உங்க வீட்ல ஒரு பிள்ளையா, ரெண்டு பிள்ளையா?" என்று கேள். சூத்திரம் சந்தேகத்தை மட்டும்தான் காட்டும், தீர்த்து வைப்பது உன் குரல். நம் பேர்களின் குணம் தெரிந்த, ஏ/எல்லுக்குப் பின்னால் ஓர் அப்பா நிற்கிறார் என்று உணர்ந்த உன்னைவிட நம் பட்டியலைத் திருத்தத் தகுதியானவர் யார்? இருபது வீட்டுக்குப் போன் பேசி முடிக்கும்போது உன் முதுகு தானாக நிமிர்ந்திருக்கும். எனக்கு நிமிர்ந்தது.

அந்தப் பைக்கு வருகிறேன். மறுநாளே கடையில் ஒன்று வாங்கி உலு திராமுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அப்பா தேநீர் போட்டுக் கொடுத்தார். பட்டியலில் என்ன நடந்தது என்று அவரிடம் கைப்பேசியைக் காட்டி விளக்கினேன். மன்னிப்புக் கேட்டேன். "இதுக்குப் போய் இவ்வளவு தூரம் வந்தீங்களா" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஆண்டு பட்டியலில் 280 வரிகள். எங்கள் எண் பத்தியில் 280 வெவ்வேறு எண்கள். விநியோகத்துக்கு முதல் நாள் இரவு மூன்று தடவை எண்ணினேன். ஐசி இல்லாத பிள்ளைகள் ஒன்பது பேர், ஒன்பது எண்ணோடு இருந்தார்கள். அகரவரிசைப்படி அடுக்கியபோது, 117, 204 என்ற இரண்டு வரிகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து நின்றன. ஒரே பேர், ஒரே அப்பா பேர்.

காலையில் ஒலிபெருக்கியை நானே வாங்கிக்கொண்டேன். அந்தப் பேரைக் கூப்பிட்டேன். ஊர் பேரைச் சேர்த்துச் சொல்வதற்குள் மண்டபத்தின் இடப்பக்கத்திலிருந்து ஒருத்தியும் வாசல் பக்கத்திலிருந்து ஒருத்தியும் எழுந்து நடந்து வந்தார்கள். மேசைக்கு முன்னால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பேனா ஒன்றுதான் இருந்தது. 117 முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை 204இடம் கொடுத்தாள். வாசலில் மழைச்சட்டையோடு நின்றவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.